அரியூர் ரோட்டில் ஒரு கிலோமீட்டர்

எங்கள் அப்பா வைத்திலிங்கம் தம் ஆயுளில் ஒரே ஒரு பந்தயம்தான் ஓட்டினார், அதிலும் தோற்றார். ஜெயித்தவர்களைப் பற்றிப் பேச ஊரில் ஆயிரம் பேர் உண்டு. தோற்றவருக்கு நான் ஒருத்திதான் இருக்கிறேன், அதனால் விடுவதாக இல்லை. கொஞ்சம் அப்பா பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன். பிடிக்காதவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் பண்டசோழநல்லூர். நெல்லும் கரும்புமாக இருந்த குடும்பம். ஏர் பிடிக்கச் சொன்னால் மாட்டுக்கு முன்னால் அவருக்குத் தூக்கம் வந்துவிடுமாம். ஒருநாள் புதுச்சேரிக்குக் கரும்பு வண்டி ஓட்டிப் போனவர் அங்கே ஒரு மோட்டார் பட்டறையைப் பார்த்தார். மாட்டையும் வண்டியையும் திருப்பி அனுப்பிவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். சில வருஷம் கழித்து ஊருக்கு வந்தபோது நகக்கண்ணெல்லாம் கறுப்பு, வாயில் நாலு பிரெஞ்சு வார்த்தை, சட்டைப் பையில் ஒரு ஸ்பானர். அந்தக் கறுப்பு நகத்துக்குப் பயப்படாமல் கழுத்தை நீட்டியவள் என் அம்மா தனக்கொடி.

அரியூர்ப் பண்ணை மணவாளன் அப்போதுதான் பிரெஞ்சு தேசத்திலிருந்து கப்பலில் வந்த கார் ஒன்றை வாங்கியிருந்தார். அதை ஓட்டவும் பார்த்துக்கொள்ளவும் அப்பாவை வைத்துக்கொண்டார். பச்சை நிறம். மேலே மடக்குகிற ஹூட்டு. முன்னால் இரண்டு பித்தளை விளக்கு. அப்பா அதைத் துடைப்பதைப் பார்த்தால் அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வருமாம். "எனக்கு ஒருநாள் தலையில எண்ணெ வெச்சி வுட்டிருப்பியா? அதுக்கு மட்டும் இன்னா சீராட்டு!" என்பாள். அப்பா சிரித்துக்கொண்டே விளக்குக்கு இன்னொரு தரம் சாம்பல் போட்டுத் தேய்ப்பார். வேறு யாரையும் அந்தக் காரின் கதவைக்கூடச் சாத்த விடமாட்டார்.

பந்தயம் வந்ததற்குக் காரணம் புழுதி. வில்லியனூர்த் தேர் முடிந்து எல்லோரும் திரும்பும்போது பாகூர் அரங்கநாதனின் அமெரிக்கக் கார் எங்கள் எஜமானின் காரைத் தாண்டிப் போனது. எஜமானின் வெள்ளைச் சட்டை செம்மண் நிறமாகிவிட்டது. அடுத்த சந்தை நாளில் இருவரும் பலர் முன்னால் வாய்க்கு வாய் பேசி, பேச்சு முற்றி, தோற்றவன் காரை ஜெயித்தவன் வீட்டில் கொண்டுபோய் விடுவது என்று கையடித்துக்கொண்டார்கள். ஜூலை பதினாலு, பிரெஞ்சு சர்க்காரின் பெரிய திருநாள். சாக்கு ஓட்டம், வழுக்கு மரம் எல்லாம் நடக்கிற நாள். அன்றைக்கே இதையும் வைத்துக்கொள்ளலாம் என்று மேர் சம்மதித்துவிட்டார். எங்கள் பக்கத்தில் மேர் என்றால் கொம்யூனுக்கு, அதாவது சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம், தலைவர், அவர் கொடி அசைத்தால் அதற்கு மேல் பேச்சில்லை.

எல்லை தாண்டி வெள்ளைக்காரன் சீமைக்குப் போனால் மைல் கல். எங்கள் பக்கத்தில் கிலோமீட்டர் கல். அரியூர் ரோட்டில் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்வரை. நின்ற இடத்திலிருந்து கிளம்பவேண்டும், எந்த வண்டி முன்னால் போகிறதோ அதற்கு வெற்றி. அந்தத் துண்டு ரோடு நூல் பிடித்தமாதிரி நேராக இருக்கும். இரண்டு பக்கமும் புளியமரம்.

எஜமானுக்கு அது மானப் பிரச்சினை. அப்பாவுக்கோ அந்தக் கார் போய்விட்டால் கையில் ஒன்றும் இல்லை. திரும்பவும் மாட்டின் வாலைத்தான் பிடிக்கவேண்டும். அதை அவர் வாய்விட்டுச் சொன்னாரா என்று அம்மாவைக் கேட்டிருக்கிறேன். "சொல்லணுமா? சோத்துல கை வெச்சிக்கினு ரோட்டையே பாத்துக்கினு இருப்பாரு" என்றாள்.

அப்பா வண்டியை இளைக்க வைக்கிற வேலையில் இறங்கினார். ஹூட்டைக் கழற்றினார். ஸ்டெப்னி, மட்கார்டு, பின் சீட்டு, பித்தளை விளக்கு எல்லாம் போயின. விளக்கைக் கழற்றிய அன்று அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லையாம். சைலன்சரையும் எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு வண்டியைக் கிளப்பினால் அரியூரில் கறவை மாடுகள் பால் சுரக்க மறுத்தன என்று எஜமான் வீட்டம்மாள் புகார் சொன்னார்.

இத்தனை செய்தும் முதல் ஒத்திகையில் வண்டி சிரிப்பாய்ச் சிரித்தது. கிளட்ச்சை விட்டதும் பின் சக்கரம் இரண்டும் கோழி குப்பையைக் கிளறுவதுபோல மண்ணை வாரி அடித்தன. வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. பின்னால் கனம் போய்விட்டதால் சக்கரத்துக்கு ரோட்டில் பிடி இல்லை. கனத்தைக் குறைத்தால் ஓட்டத்தில் வேகம் வருகிறது, ஆனால் கிளம்பும்போது அதே கனம் வேண்டியிருக்கிறது. அப்பா ஒருநாள் முழுக்க இதையே யோசித்துக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

அப்போது எஜமான் வந்து சேர்ந்தார். எஜமான் மணவாளன் லேசான ஆள் இல்லை. அவர் கட்டிலில் உட்கார்ந்தால் கயிறு தரையைத் தொடும். பந்தயத்தில் காரின் சொந்தக்காரர்களும் வண்டியில் இருக்கவேண்டும் என்பது பேச்சு. அவரை எங்கே வைப்பது என்று அதுவரை அப்பா கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு எஜமானைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"எஜமான், நீங்க பின்னால, அச்சுக்கு நேர் மேல குந்தணும்" என்றார்.

"பின்னாலயா? சீட்டையே புடுங்கிட்டியேடா, நான் எதுல குந்துறது?"

"சாக்கு போட்டுத் தரேன். நீங்க அங்க குந்துனாதான் வண்டி கெளம்பும்."

"நான் குந்துனாதான் கெளம்புமா?"

"ஆமாங்க. உங்க கனந்தான் அதுக்கு புடி."

எஜமான் சற்று நேரம் அப்பாவை முறைத்தார். பிறகு அவருக்கே அது பிடித்துவிட்டது. அன்று மாலையே, தாம் இல்லாவிட்டால் வண்டி நகராது என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். சொன்னது பொய்யும் இல்லை. அவர் சாக்கின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்ததும் வண்டி ரோட்டைக் கவ்விக்கொண்டு பாய்ந்தது.

அப்பாவிடம் கடிகாரம் கிடையாது. புளியமரத்தைத்தான் அளவாக வைத்திருந்தார். இன்ன மரத்துக்குள் இரண்டாவது கியர் விழவேண்டும், இன்ன மரத்தில் மூன்றாவது என்று ஒவ்வொரு மரத்திலும் சுண்ணாம்பு வைத்தார். தினமும் ஒரு மரமாவது முன்னால் வரும்வரை விடமாட்டார். பின் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிப் பார்த்தார், பிடி இன்னும் நன்றாக விழுந்தது. பெட்ரோல் பாயும் துளையைக் கொஞ்சம் அகலப்படுத்தினார், கடைசி மரங்களில் வேகம் கூடியது. எஜமான் பின்னாலிருந்து "அடிச்சு வுடுடா வைத்தி!" என்று கத்துவதும், இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுவதும் தினசரி வேடிக்கையாகிவிட்டது. அந்த நாட்களில் அப்பா வீட்டுக்கு வந்தால் பாட்டுப் பாடுவாராம். நான் கைக்குழந்தை. என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு என் இரண்டு காலையும் கியர் மாற்றுவதுபோல ஆட்டுவாராம். அதைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு, அந்த அப்பாவை நான் பார்த்து நினைவு வைத்துக்கொள்ள முடியாமல் போனதே என்றிருக்கும்.

கிளம்புகிற இடத்தைத்தான் அப்பா உயிராகப் பார்த்துக்கொண்டார். தம் வண்டி நிற்கப்போகிற பக்கத்தில், பின் சக்கரம் பதியும் இடத்தைக் கொத்தி, பொடிச் சரளை போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசு கட்டையால் இடித்து, நெல் அடிக்கிற களம் மாதிரி ஆக்கினார். பந்தயத்துக்கு முந்தின நாள் அதன் மேல் ஓலை போட்டு மூடி வைத்தார். அதன் மேல் காலை வைத்த ஒரு கன்றுக்குட்டியை அவர் திட்டிய திட்டு அந்தக் கன்றுக்குப் புரிந்திருந்தால் செத்திருக்கும்.

பந்தய நாளில் வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் ஜனம் திரண்டுவிட்டது. மரத்தின் மேலெல்லாம் ஆட்கள். கடலோரத்திலிருந்து மீன் கூடையோடு வந்த பெண்கள்கூட கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றார்கள். அமெரிக்கக் கார் கறுப்பாக, பெரிதாக வந்து நின்றது. அதை ஓட்டுகிறவர் தேவநாதன், அப்பாவோடு ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர். இருவரும் ஒரே தீப்பெட்டியில் பீடி பற்றவைத்துக்கொண்டார்கள்.

அம்மா என்னைப் பக்கத்து வீட்டு எல்லம்மாளிடம் கொடுத்துவிட்டு ஒரு சாம்பல் பூசணிக்காயோடு வந்திருந்தாள். காயைத் துளைத்து உள்ளே மஞ்சளும் குங்குமமும் கொட்டிக் கற்பூரமும் வைத்திருந்தாள். இத்தனை ஜனத்தின் கண்ணும் அவர் மேல் விழுகிறதே, சுற்றிப் போட்டால்தான் மனசு ஆறும் என்று அவளுக்கு. பூசணிக்காயைப் பெண்கள் உடைக்கக்கூடாது என்பார்கள். அம்மா யாராவது ஆண்பிள்ளையிடம் கொடுத்து உடைக்கச் சொல்ல நினைத்தாள். ஒரு ஆளாவது திரும்பிப் பார்க்கவேண்டுமே! எல்லோருக்கும் கண் காரின் மேல். முன்னால் போய் உடைக்கலாம் என்றால் அங்கே மேர் கொடியோடு நிற்கிறார். கொடி மேலே போய்விட்டது.

அம்மா ஓடிப் போய் வண்டிக்குப் பின்னாலேயே நின்று காயை மூன்று சுற்றுச் சுற்றினாள். கற்பூரத்தைத் தட்டிவிட்டுக் காயை ஓங்கித் தரையில் அடித்தாள். சைலன்சர் இல்லாத வண்டியின் சத்தத்தில் அது உடைந்தது ஒருவர் காதிலும் விழவில்லை. யாராவது பார்த்துவிடப்போகிறார்களே என்று உடனே கூட்டத்துக்குள் புகுந்துகொண்டாள். காய் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி உருண்டுபோய் இடது பின் சக்கரத்துக்கு முன்னால் நின்றது. அப்பா இடித்து இடித்துச் செய்து வைத்த களத்தின் மேல்.

கொடி இறங்கியது. அப்பா கிளட்ச்சை விட்டார். சக்கரம் பூசணிக்காயின் மேல் ஏறி அதைக் கூழாக்கி, அந்தக் கூழிலேயே சுற்றியது. ஒரு சக்கரம் வழுக்கினால் போதும், என்ஜினின் பலமெல்லாம் அதற்கே போய்விடும், அடுத்த சக்கரம் சும்மா நிற்கும். பின்னால் எஜமான் தம் கனத்தையெல்லாம் போட்டு அமுக்கிக்கொண்டு "போடா! போடா!" என்று கத்துகிறார். வண்டி ஆடுகிறது, போகவில்லை. தேவநாதன் வண்டி மூன்று மரம் தாண்டிவிட்டது.

பிறகு சக்கரம் மண்ணைத் தொட்டது. அதற்குப் பிறகு அப்பா ஓட்டிய ஓட்டத்தைப் பற்றிப் பாகூர்க்காரர்களே பேசுவார்கள். ஒவ்வொரு மரத்திலும் இடைவெளி குறைந்தது. கடைசி மரத்தில் இரண்டு வண்டியும் பக்கம் பக்கம் வந்துவிட்டன. இன்னும் பத்து கெஜம் ரோடு இருந்திருந்தால் எங்கள் வண்டிதான் முன்னால். ஆனால் கல் வந்துவிட்டது. ஒரு பானெட் நீளத்தில் அப்பா தோற்றார்.

எஜமான் இறங்கினார். முதுகெல்லாம் செம்மண் சேறு என்று நினைத்தார், அது குங்குமம் கலந்த பூசணிக் கூழ். "இன்னாடா ஆச்சி? ஏண்டா கெளம்பல?" என்று ஊர் கேட்கக் கத்தினார்.

அப்பா குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். டயர் முழுக்கப் பூசணி விதை ஒட்டியிருந்தது. நிமிர்ந்தபோது ரோட்டில் அம்மா ஓடி வந்துகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் மஞ்சளும் குங்குமமுமாக, புருஷன் முழுசாக இருக்கிறார் என்ற சந்தோஷத்தில் அழுதுகொண்டு வந்தாளாம். அப்பாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"கிளட்ச்ச வெடுக்குனு வுட்டுட்டேன் எஜமான். என் தப்புதான்" என்றார்.

எஜமான் அவரை என்னென்ன சொல்லித் திட்டினார் என்பதை நான் எழுதப்போவதில்லை. அன்று சாயங்காலம் அப்பாவே கழற்றியதையெல்லாம் திரும்பப் பூட்டினார். பித்தளை விளக்கைத் துடைத்தார், சக்கரத்தை விதை இல்லாமல் கழுவினார். பாகூருக்கு ஓட்டிப் போய் அரங்கநாதன் வீட்டு வாசலில் விட்டுவிட்டு நடந்தே வந்து சேர்ந்தார். கார் இல்லாத வீட்டில் டிரைவர் எதற்கு? வேலையும் போயிற்று. ஊர் அவருக்கு 'வழுக்கு வைத்தி' என்று பெயர் வைத்தது. கிளப்புக் கடையில் இலை போடுகிறவன்கூட "பாத்து குந்துபா, வழுக்கிடப் போவுது" என்பான்.

வீட்டில் அம்மாவின் கட்சி வேறு. "கார் போனா போவுது. அன்னிக்கி நான் மட்டும் பூசணிக்கா ஒடைக்கலனா மனுசன் மரத்துல மோதி போய் சேந்திருப்பாரு" என்பாள். பெண் உடைத்தது வெளியில் தெரியக்கூடாது என்பதால் இதை வீட்டுக்குள்தான் சொல்வாள், ஆனால் தினமும் சொல்வாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே "ஆமாண்டி, உன்னாலதான் நான் உசுரோட இருக்கேன்" என்பார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் கேட்ட பேச்சு இது. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்தேவிட்டது. இன்று அந்தக் குரல்களை ஒரு தடவை கேட்க எதை வேண்டுமானாலும் தருவேன்.

சில வருஷம் அப்பா அண்ணன்களோடு கரும்பு வெட்டினார். யுத்தம் வந்து பெட்ரோல் அற்றுப்போனதும் பஸ்களெல்லாம் கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு அதன் புகையில் ஓடின. அந்தச் சனியனைக் கட்டி மேய்க்க ஆள் கிடைக்காததால் வழுக்கு வைத்திக்கும் வேலை கிடைத்தது. பெட்ரோல் திரும்பிவந்த பிறகும் எங்கள் பஸ் முதலாளி அடுப்பைக் கழற்றவில்லை, கரிதான் மலிவு என்றார். காலையில் கரியைப் போட்டு, துருத்தி சுற்றி, கண் எரிய ஊதினால்தான் பஸ் மூச்சு விடும். கிளம்பி ஒரு பர்லாங் போவதற்குள் பொழுது விடிந்துவிடும். இரண்டாவது கியருக்கு மரம் குறித்து வைத்த மனிதர் அதை முகம் சுளிக்காமல் ஓட்டினார்.

ஆயுத பூஜை வந்தால் அப்பா ஒன்றில் மட்டும் கறாராக இருப்பார். "பூசணிக்காய அந்தாண்ட, பள்ளத்துல ஒடைங்கப்பா. வண்டிகிட்ட வேணாம்" என்பார். வெள்ளைக்காரன் இந்தியாவை விட்டுப் போன வருஷம், எங்களிடம் பிரெஞ்சுக்காரன் இன்னும் இருந்தான், அப்பாவுக்குக் காய்ச்சல். பஸ்ஸுக்குள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், சொல்ல மறந்துவிட்டார். முதலாளியின் மச்சான் காயைப் பின் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே உடைத்துவிட்டான். அப்பா பஸ்ஸை நகர்த்தினார். சக்கரம் கூழில் சுற்றியது. சுண்டல் வாங்க வந்து நின்ற அம்மாவின் புடவையில் கூழும் விதையும் வந்து அடித்தன. பஸ் நகரவில்லை. நாலு பேர் தள்ளினார்கள்.

அம்மா சுண்டலை வாங்கவில்லை. சக்கரத்தைப் பார்த்தாள், புடவையைப் பார்த்தாள், வீட்டுக்கு நடந்தாள். அப்பா வந்து காலைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டாள்.

"அன்னிக்கும் இதேதானா?"

"என்னிக்கு?"

"ரோட்டுல. அரியூர் ரோட்டுல. நான் ஒடச்ச காயிலதான வண்டி வழுக்கிச்சி?"

அப்பா சொம்பைக் கீழே வைத்தார். "அது போவுது வுடுடி. எந்தக் காலத்து கதை."

"சொல்லுய்யா!"

"ஆமா" என்றார் அப்பா. டயரில் விதையைப் பார்த்ததையும், அவள் கையைப் பார்த்ததையும் அப்போதுதான் சொன்னார்.

அம்மா அவர் தோளில் இரண்டு கையாலும் குத்தினாள். "இன்னா மனுசன்யா நீ! ஊரே வழுக்கு வைத்தி, வழுக்கு வைத்தின்னுச்சே! வேல போச்சே! நானும் தெனம் தெனம் பெருமை பேசினு இருந்தேனே, ஒரு நாளாவது வாயத் தொறந்தியா?"

"சொன்னா நீ அழுவ" என்றார் அப்பா. "எனக்கோசரந்தான ஒடச்ச. காருதான் போச்சு, நீயும் அழுவணுமா?"

அம்மா அழுதாள். அப்பா சொன்னது சரிதான், அந்த அழுகையைப் பார்த்திருந்தால் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மறுநாள் காலை அவள் தலையை வாரிக்கொண்டு, விதை பட்ட அதே புடவையைத் துவைக்காமல் கட்டிக்கொண்டு அரியூருக்குப் புறப்பட்டாள். நானும் கூடவே போனேன்.

எஜமான் மணவாளன் வயதாகி இளைத்துப்போயிருந்தார். களத்தில் நெல் அளந்துகொண்டிருந்தார்கள், ஆட்கள் நிறைய இருந்தார்கள். அம்மா அத்தனை பேர் நடுவிலும் போய் நின்று, கூச்சமில்லாமல் உரக்கச் சொன்னாள்.

"எஜமான், நான் வைத்திலிங்கம் பொண்டாட்டி. அன்னிக்கி பந்தயத்துல அவரு கையில தப்பு இல்ல. பொம்பளயா இருந்துக்கினு நாந்தான் பூசணிக்காய ஒடச்சேன். உங்க வண்டி சக்கரத்துல போய் வுழுந்திச்சி. அதுலதான் வழுக்கிச்சி. என்னக் காட்டிக் குடுக்காம அவரு பழிய ஏத்துக்கினாரு. நேத்து பஸ்ஸும் இப்டிதான் வழுக்கிச்சி, இந்தாங்க விதை" என்று முந்தானையை விரித்துக் காட்டினாள்.

எஜமானுக்கு விஷயம் மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஏறியதும் எழுந்தார். "அடிப்பாவி! என் காரத் தின்னவ நீதானாடி! அப்பேர்ப்பட்ட வண்டி! பூசணிக்காய ஒடைக்க உனுக்கு வேற எடமே கெடைக்கலயா!" என்று ஆரம்பித்து, அன்றைக்கு அப்பாவைத் திட்டிய அத்தனையையும், ஒன்று விடாமல், மூச்சு வாங்க வாங்கத் திட்டித் தீர்த்தார். களத்தில் இருந்தவர்கள் மரக்காலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அம்மா தலை குனியாமல் நின்று முழுசாகக் கேட்டுக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கோ முகம் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது.

திட்டி ஓய்ந்ததும் எஜமான் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தார். "அவன் ஓட்டுன ஓட்டத்த நான் பின்னாலருந்து பாத்தேன்டி" என்றார். "அந்த ஓட்டத்த எவன் ஓட்டுவான்? அவன வந்து என்னப் பாக்கச் சொல்லு."

அப்பாவுக்கு விஷயம் தெரிந்ததும் கோபம். "இத்தினி வருசம் நான் காப்பாத்துனத ஒரு காலையில கொட்டிட்டு வந்துட்டியேடி" என்று இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. பிறகு துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு அரியூருக்குப் போய்விட்டு வந்தார். அங்கே இருவரும் என்ன பேசினார்கள் என்று கடைசிவரை சொல்லவில்லை. திரும்பி வரும்போது பாடிக்கொண்டு வந்தார். அப்பா பாடி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஊருக்கு யாரையாவது ஒரு பெயர் சொல்லிக் கேலி செய்யாவிட்டால் சோறு இறங்காது. 'வழுக்கு வைத்தி' அந்த மாதத்தோடு போய்விட்டது. அதற்குப் பதிலாக அம்மாவுக்குப் 'பூசணிக்கா தனக்கொடி' என்று வைத்தார்கள். சந்தையில் யாராவது வெறுமனே தனக்கொடி என்று கூப்பிட்டால் அவள் காதில் விழாததுபோல நடப்பாள். "ஏய், பூசணிக்கா!" என்று கத்தினால்தான் நிற்பாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, "இன்னாபா?" என்று திரும்புவாள்.